ஜெரால்டுக்கு இவ்வளவு கருணை வேண்டாம்

ஒரு இளம்பெண்ணின் தற்கொலையை விசாரிக்க இன்ஸ்பெக்டர் ஒருவர் ஆலை முதலாளி பர்லிங்கின் வீட்டுக்கு வருவதுதான் ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகம். அதில் பர்லிங்கின் மகள் ஷீலாவை மணக்கப்போகும் ஜெரால்டு கிராஃப்ட் கொஞ்சமாவது நல்லவன் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, மதுக்கூடத்தில் நகரசபைப் பெரியமனிதர் மெகார்ட்டியின் தொல்லையிலிருந்து டெய்சியை (இறந்துபோன அந்தப் பெண்தான்) காப்பாற்றியது அவன்தான். அவளைக் கொஞ்சநாள் சந்தோஷமாக வைத்திருந்தான் என்று இன்ஸ்பெக்டரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் குடிவைத்தது நண்பனின் காலி அறைகளில். செப்டம்பரில் வியாபார வேலையாக வெளியூர் கிளம்புமுன் கையில் பணம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறான். நாடகத்தின் தொடக்கத்தில், வாரம் 25 ஷில்லிங் கூலி கேட்ட போராட்டத்தை முன்னின்று நடத்திய பெண்களை பர்லிங் ஆலையிலிருந்து வெளியேற்றியது சரிதான் என்று தலையாட்டியவனும் இவன்தான்.

கட்டுரை கவனிக்காத ஒன்று: இன்ஸ்பெக்டரின் கடைசிப் பேச்சின்போது ஜெரால்டு அந்த அறையிலேயே இல்லை, நடக்கப் போய்விட்டான்! பிரீஸ்ட்லி இதைத் தெரிந்தேதான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். திரும்பி வந்தவன் என்ன செய்கிறான்? வந்தவர் போலீஸே இல்லை என்று துப்பறிகிறான், மருத்துவமனைக்குப் போன் போட்டு அன்று அங்கே எந்தப் பெண்ணும் தற்கொலை செய்துகொண்டு சாகவில்லை என்று உறுதி செய்கிறான். இதில் காட்டும் சுறுசுறுப்பில் பாதியைக்கூட, பிரிந்தபிறகு டெய்சி எங்கே போனாள் என்று தேடுவதில் காட்டவில்லை. அப்புறம் எதுவுமே நடக்காததுபோல, ஷீலா திருப்பிக் கொடுத்திருந்த நிச்சயதார்த்த மோதிரத்தை அவளிடமே நீட்டுகிறான். அவள் உடனே வாங்காதது ஆறுதல்.