'எம்டன்' ஆளின் பெயரா?

"1914-இல் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கடற்படைத் தளபதியின் பெயர் எம்டன். அதனால்தான் கெட்டிக்காரனை, பொல்லாதவனை 'சரியான எம்டன்' என்கிறோம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

வழக்குச் சொல் அந்தத் தாக்குதலிலிருந்து வந்ததுதான். ஆனால் எம்டன் என்பது தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். வடமேற்கு ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். தளபதியின் பெயர் கார்ல் ஃபான் முல்லர். 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை அவர் சுட்டு எரித்தார். ஊரே மிரண்டது. பாவம், மிரட்டியவர் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை!

அதே ஆண்டு நவம்பர் 9-இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை வீழ்த்தியது. முல்லர் சிறைப்பட்டார். அப்புறம் ஒரு வேடிக்கை: உயிர் தப்பிய மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது. குழப்பம் இங்கிருந்தும் கிளம்பியிருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள நினைவுக் கல்வெட்டைப் பாருங்கள். ஆஸ்திரேலியப் போர் நினைவக இணையதளத்தில் கப்பல், தளபதி இரண்டின் விவரமும் இருக்கிறது. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.