தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவில்

நெதர்லாந்து கால்பந்து வீராங்கனை விவியான் மீடமா பற்றி யார் எழுதினாலும் கோல் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். சரி, நானும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்துக்காக அவர் 100-ஆவது கோலை அடித்தது 2025 ஜூலையில், ஸ்விட்சர்லாந்தில் நடந்த யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) போட்டியில், வேல்ஸுக்கு எதிராக. அந்த நாட்டு ஆண்கள் அணியில் 50 கோலைத் தாண்டிய முதல் ஆள் மெம்பிஸ் டிபாய். அவர் தாண்டியதே அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான்.

எனக்கு முக்கியம் அந்த நூறு இல்லை. 2022 முடிவதற்குள்ளேயே மீடமா 90 கோலைத் தாண்டிவிட்டார். மிச்சம் இருந்த கொஞ்சத்துக்கு இரண்டரை வருஷம் ஆனது. அந்த இரண்டரை வருஷத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹோகவேன் என்ற சின்ன ஊரில் பையன்களோடு விளையாடி வளர்ந்தவர். 15 வயதில் ஹேரன்வேன் அணியின் முதல் பதினொருவரோடு ஆடத் தொடங்கினார். 18 வயதில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப். அங்கே இரண்டு லீக் பட்டம். 2017-இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப். அதே கோடையில் சொந்த மண்ணில் யூரோ. என்ஸ்கடேயில் டென்மார்க்கை 4-2 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் இவருடையது. அப்போது வயது 21.

அவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆட்டம் பார்க்கச் சொன்னால், 2019 டிசம்பர் 1, பிரிஸ்டல் சிட்டிக்கு எதிரானதைச் சொல்வேன். ஆர்சனல் 11-1. ஆறு கோல் மீடமா. எல்லோரும் அந்த ஆறைப் பேசினார்கள். மற்ற ஐந்தில் நான்கு கோலுக்குப் பந்து கொடுத்ததும் அவர்தான்! ஸ்ட்ரைக்கர் என்றால் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் நின்று பந்துக்குக் காத்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இறங்கி வந்து பந்து வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, ஓடுகிறவளின் காலடியில் வைப்பதும் ஸ்ட்ரைக்கர் வேலைதான் என்று காட்டியவர் இவர். கோல் அடித்துவிட்டும் பெரிய ஆட்டம் பாட்டம் கிடையாது. லேசாக ஒரு சிரிப்பு, யாராவது கட்டிப்பிடித்தால் சரி, அவ்வளவுதான்.

அப்புறம் டோக்கியோ. நான்கே ஆட்டத்தில் பத்து கோல். பெண்கள் ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே தொடரில் அதுவரை இருந்த அதிகபட்சம் கிறிஸ்டின் சின்க்ளேரின் ஆறு. கால் இறுதியில் அமெரிக்காவுக்கு எதிராகவும் இரண்டு அடித்தார். கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் அவர் உதைத்ததை அமெரிக்க கோல்கீப்பர் அலிசா நேஹர் தடுத்துவிட்டார். பத்து கோல் அடித்தவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

இப்போது வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2017 யூரோ, 2019 உலகக் கோப்பை, 2021 ஒலிம்பிக், 2022 யூரோ. நடுவில் எல்லாம் கிளப் ஆட்டம், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக். 2022 யூரோவின் நடுவே கோவிட் வேறு. அந்த நவம்பரில் ஆர்சனல் அவருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியது. உடம்பும் மனசும் களைத்துப்போனது வெளியே தெரிந்த நேரம் அது. திரும்பி வந்த கொஞ்ச நாளில், டிசம்பர் 15, பிரான்ஸின் லியோன் கிளப்புக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஏ.சி.எல். என்பார்கள் அதை.

இதை விதி என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. அதே ஆண்டில் மற்ற முன்னணி வீராங்கனைகளான அலெக்சியா புட்டேயாஸ், கட்டோட்டோ, மக்காரியோ, மீடமாவின் துணைவியும் ஆர்சனல் சக வீராங்கனையுமான பெத் மீட் என்று எல்லோருக்கும் அதே ஜவ்வு. பெண்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது என்று ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அப்படியும் பெரும்பாலும் ஆண் பாதத்தை வைத்துச் செய்த பூட்ஸ்தான் இவர்கள் காலில். ஆட்ட அட்டவணையைப் போடுகிறவர்கள் இந்த முழங்கால்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கும் காலேஜ் டீமில் ஆடும்போது இதே ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் பிசியோ அக்கா ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, "அதைக் கீழே அழுத்தும்மா" என்றார். அழுத்தினேன். தொடை அசையவே இல்லை. என் காலுக்கு நான் சொல்வது கேட்கவில்லை. மூன்றாவது நாள் தொடைச் சதை லேசாகத் துடித்தபோது அழுதுவிட்டேன். ஓடுவதற்கு மாதங்கள் ஆயின. ஆனால் ஓடும்போது சட்டென்று நின்று திரும்புவதற்கான தைரியம் எனக்குத் திரும்ப வரவே இல்லை.

அதனால்தான் 2024-இல் ஆர்சனல் அவரை ஒப்பந்தம் புதுப்பிக்காமல் அனுப்பியபோது அப்படி வலித்தது. 172 ஆட்டம், 125 கோல். அடுத்த வருஷமே ஆர்சனல் லிஸ்பனில் பார்சிலோனாவை வென்று சாம்பியன்ஸ் லீக் எடுத்ததே, அவர் இல்லாமல்தானே என்று கேட்பார்கள். எடுத்தது, சந்தோஷம்தான். அந்த ஒரே கோலுக்குப் பந்து கொடுத்த பெத் மீடும் அதே ஜவ்வுக் காயத்திலிருந்து எழுந்து வந்தவர் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். காத்திருந்தால் பலன் உண்டு என்று அந்தக் கிளப்புக்கே தெரிந்திருந்தது. மீடமா விஷயத்தில் மட்டும் காத்திருக்க மனசு வரவில்லை. அது தவறான முடிவு, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். செப்டம்பரில் பழைய அணிக்கு எதிராக, பழைய மைதானத்தில், ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கோல். அக்டோபரில் முழங்காலில் மறுபடியும் அறுவைச் சிகிச்சை. இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த 100.

யூரோவில் நெதர்லாந்து அப்புறம் இங்கிலாந்திடமும் பிரான்ஸிடமும் மோசமாகத் தோற்று வெளியேறியது. வேல்ஸ் ஆட்டத்தின் அந்த ஒரு கோலை மட்டும் நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. முதல் பாதி முடியப் போகிறது. பெட்டியின் விளிம்பில் பந்து கிடைக்கிறது, வளைத்து அடிக்கிறார், வலைக்குள் போய் விழுகிறது. எல்லோரும் பந்தைப் பார்த்திருப்பார்கள். நான் அதற்கு முந்தைய நொடியில் நிறுத்தி நிறுத்தி, அவர் கால் ஊன்றித் திரும்பும் இடத்தைத்தான் பார்த்தேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.