கல்லறையில் எந்தப் பதவியை எழுதுவது?

ஜான் லெய்ட்டன் ஸ்டூவர்ட் என்றாலே பலருக்கும் மாவோவின் கட்டுரைதான் நினைவுக்கு வருகிறது. 1949 ஆகஸ்டில் அமெரிக்கத் தூதர் ஸ்டூவர்ட், அதுவரை சீனத் தலைநகராக இருந்த நான்ஜிங்கை விட்டுக் கிளம்பிய சில நாட்களில், அவர் பெயரையே தலைப்பில் வைத்து, ஏளனமாக விடைகொடுத்து எழுதினார் மாவோ. சீனப் பிள்ளைகள் அதைப் பள்ளியில் பாடமாகவே படித்தார்கள். சீனாவில் பார்த்த மூன்று ஆண்டு தூதர் வேலை, அதற்கு முன் அவர் கட்டி வளர்த்த பல்கலைக்கழகத்தையே மறைத்துவிட்டது. எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

ஹாங்சோவில் 1876-இல் மிஷனரி வீட்டில் பிறந்தவர் அவர். 1919-இல் யென்சிங் பல்கலைக்கழகத்தின் தலைவரானபோது அவர் கைக்கு வந்தது என்ன? வெவ்வேறு திருச்சபைகள் நடத்திய கல்லூரிகளை இணைத்த, என்ன பெயர் வைப்பது என்பதிலேயே சண்டை நடந்த, காசில்லாத நிறுவனம். பெய்ஜிங் நகருக்குள் இடம் போதவில்லை. நடந்தும் கழுதை மேலேறியும் சைக்கிளிலும் நகரைச் சுற்றி நிலம் தேடினார். கடைசியில் வடமேற்கே ஒரு பழைய தோட்டம் கிடைத்தது. குடிநீர்த் தொட்டி வேண்டுமே என்று வந்தபோது, அதை அடுக்குக் கோபுரமாகவே கட்டினார்கள். ஏரிக்கரையில் அந்தக் கோபுரத்தைப் பார்ப்பவர்களுக்கு உள்ளே தண்ணீர் இருந்தது என்று சொன்னால்தான் தெரியும். 1952-க்குப் பிறகு அந்த வளாகம் பீகிங் பல்கலைக்கழகத்துடையது.

ஆனால் கட்டடத்தை விட நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. திருச்சபைப் பணத்தில் நடந்த கல்லூரியில், வழிபாட்டுக்கு வருவதை மாணவரின் விருப்பத்துக்கே விட்டார். 1920-களில் பழமைவாத மிஷனரிகள் அவருடைய இறையியலையே சந்தேகித்தார்கள். அவர் மசியவில்லை. விசுவாசத்தைக் கட்டாயப்படுத்தினால் அது விசுவாசமே அல்ல என்பதுதான் என் கருத்தும். சீனப் பேராசிரியர்களையும் மிஷனரிகளுக்குச் சமமாக நடத்தினார். இதற்கும் அன்று துணிச்சல் வேண்டியிருந்தது.

1937-இல் ஜப்பானியர் நகரைப் பிடித்த பிறகும் அமெரிக்கக் கொடியின் நிழலில் வகுப்புகள் நடந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானும் அமெரிக்காவும் போரில் இறங்கியதும், ஜப்பானியர் பல்கலைக்கழகத்தை மூடி அவரைக் காவலில் வைத்தார்கள். வெளியே வந்தது 1945 ஆகஸ்டில்.

அதன் பிறகு 1946-இல் தூதர் பதவியை ஏற்றார். ஏற்றிருக்கக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். எழுபது வயது ஆசிரியர், தேசியவாதிகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் நடுவே, தேசியவாதிகளின் தரப்புக்கு ஆயுதமும் பணமும் கொடுத்த அரசின் முகமாக நிற்க நேர்ந்தது. 1949-இல் கம்யூனிஸ்டுகள் நான்ஜிங்கைப் பிடித்ததும் அவரோடு பேச வந்தவர் ஹுவாங் ஹுவா. யென்சிங்கில் படித்தவர், பின்னாளில் வெளியுறவு அமைச்சர். ஸ்டூவர்ட் பெய்ஜிங்கிற்கு, பழைய வளாகத்திற்கு வரலாம் என்றும் பேச்சு எழுந்தது. வாஷிங்டன் அனுமதிக்கவில்லை. மாணவனும் ஆசிரியரும் எதிரெதிர் அரசுகளின் ஆட்களாக உட்கார்ந்திருந்த அந்த அறையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அமெரிக்கா திரும்பிய அதே ஆண்டு பக்கவாதம். அதிலிருந்து 1962-இல் இறக்கும் வரை அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவருடைய சீனச் செயலாளர் ஃபூ. 1926-இல் இறந்த ஸ்டூவர்ட்டின் மனைவி யென்சிங்கில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அவர் அருகே தன் அஸ்தியைப் புதைக்க வேண்டும் என்பது ஸ்டூவர்ட்டின் ஆசை. அது நடக்கவில்லை. 2008 நவம்பரில்தான் பிறந்த ஊரான ஹாங்சோவில் இடம் கொடுத்தார்கள். அந்தக் கல்லில் தூதர் என்று எழுதவில்லை. யென்சிங் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் என்று எழுதியிருக்கிறார்கள்.