ஓசிக் கிராக்கி பேசுகிறேன்

சனிக்கிழமை ஒரு காலேஜில் நான் நடத்திய லினக்ஸ் ஒர்க்‌ஷாப்பில், பசங்களுக்குப் பென்டிரைவ் கொடுத்தபோது நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. வாட்ஸாப் குழுவில் இருப்பவர்களுக்கு விவரம் தெரியும், முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்தது திருட்டு சாஃப்ட்வேர் இல்லை. ராக்கி லினக்ஸ் 9, அதாவது ரெட் ஹாட் கம்பெனி சந்தா வாங்கிக்கொண்டு கொடுக்கும் ரெல் (ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ்) என்ற ஓஎஸ்ஸுக்கு இணையாக வெளியாட்கள் செய்யும் இலவச ஓஎஸ். அதை யார் வேண்டுமானாலும் இறக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் காப்பி போட்டுக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பதற்காகவே அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஏதோ டிரெய்னிங் கம்பெனி ஐடி கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்த தம்பி என்ன சொன்னார்? "இது ரெல்லோட காப்பி. லைசென்ஸ் இல்லாம டிஸ்ட்ரிபியூட் பண்றது இல்லீகல். ஓசியில கிடைக்குதுன்னு வாங்கிட்டுப் போயிடாதீங்க." அவ்வளவுதான். எச்ஓடி மேடம் பதறிப்போய், மேசைக்கடியில் இருந்த காலி ஸ்வீட் டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். என் சொந்தக் காசில் வாங்கி, வெள்ளை டேப் ஒட்டி நம்பர் எழுதியிருந்த பென்டிரைவ்கள். பசங்க ஒவ்வொருத்தராக அதை டப்பாவுக்குள் போட்டார்கள். பரீட்சை ஹாலில் பிட்டைப் பிடுங்குவது மாதிரி இருந்தது. நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்தத் தம்பிக்குப் பொறுமையாகவே சொல்கிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வருவது ஜிபிஎல் என்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பில். 1991இல் எழுதிய உரிமம். வாங்கியவர் அதை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்கலாம், மாற்றிக் கொடுக்கலாம், காசுக்கு விற்கவும் செய்யலாம். பைனரி (மெஷினில் ஓடும் வடிவம்) கொடுத்தால் சோர்ஸும் (ஆட்கள் எழுதிய மூல நிரல்) கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் புதிதாக ஒரு தடையைச் சேர்க்கக் கூடாது என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. ரெட் ஹாட் இத்தனை வருடமாக வியாபாரம் செய்வதும் இதே உரிமத்தை வைத்துத்தான். அவர்கள் வாங்கும் சந்தா, சப்போர்ட்டுக்கு. அப்டேட்டுக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு போனை எடுக்கிற ஆளுக்கு. புரோகிராம் கோடுக்கு இல்லை. திரும்பவும் சொல்கிறேன், கோடுக்கு இல்லை.

பெயரும் லோகோவும் அவர்களுடையது, அது வேறு சட்டம். அதனால்தான் ராக்கியில் ஓர் இடத்திலும் அந்தச் சிவப்புத் தொப்பி கிடையாது.

எனக்கு இது சட்டப் பாயின்ட் மட்டும் இல்லை. 2003இல் ரெட் ஹாட் 9 வந்தபோது எங்கள் ஏரியா பிரவுசிங் சென்டர் அண்ணன் மூன்று சிடியில் எழுதிக் கொடுத்தார். அப்போது கம்பெனியே அதை இணையத்தில் இலவசமாக விட்டிருந்தது. டயல்-அப்பில் அதை இறக்குவதென்றால் ஒரு வாரம் வீட்டுப் போன் எங்கேஜ்ட், அப்பாவிடம் அடி. அண்ணன் சிடிக்கு மட்டும் காசு வாங்கினார். மூன்றாவது சிடியில் கீறல். மீடியா செக் போட்டால் சதவீதம் ஏறி ஏறி வந்து கடைசியில் ஃபெயில். யாரோ சொன்னார்கள் என்று பற்பசையை விரலில் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் தேய்த்து, பழைய பனியனால் துடைத்து, மறுபடி போட்டேன். சதவீதம் நகர்வதையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பாஸ் என்று வந்தது. இன்று என் வீட்டு இஎம்ஐ கட்டுகிற வேலை அந்தப் பற்பசை சிடியில் ஆரம்பித்ததுதான். அண்ணனும் இல்லீகலா தம்பி?

சரி, அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "எல்லாரும் ஓசியில எடுத்தா இன்ஜினியருக்கு யார் சம்பளம் கொடுப்பா?" நல்ல கேள்வி. 2004 ஏப்ரலோடு ரெட் ஹாட் 9க்கு அப்டேட் நின்றது. காசு கட்டினால் என்டர்பிரைஸ், இல்லாவிட்டால் ஃபெடோரா என்ற இலவச லினக்ஸ் என்றார்கள். அதே வருடம், என்டர்பிரைஸ் சோர்ஸை எடுத்து, லோகோவை நீக்கி, கம்பைல் செய்து சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸ் வந்தது. அதாவது 2004 முதல் உலகமே உங்கள் பாஷையில் ஓசியில் எடுத்துக்கொண்டிருந்தது. அப்படியும் 2012இல் நூறு கோடி டாலர் வருமானத்தைத் தாண்டிய முதல் ஓப்பன் சோர்ஸ் கம்பெனி எது? 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது எதை? ஓசிக் கிராக்கிகள் சுற்றி நின்றதால் கடை மூழ்கிப்போன மாதிரி தெரியவில்லை. சென்ட்ஓஎஸ்ஸில் கற்றுக்கொண்ட பையன்தான் நாளைக்கு ஆபீசில் உட்கார்ந்து ரெல் சந்தாவுக்குக் கையெழுத்துப் போடுகிறான். நானே போட்டிருக்கிறேன். ஒரு முறை இல்லை.

"கெர்னலுக்கு அவங்க எவ்வளவு பண்ணியிருக்காங்க தெரியுமா?" தெரியும். நிறைய. மறுக்கவில்லை. அடுத்தது.

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு மீறலாமா?" இது கொஞ்சம் சிக்கலானது, ஒப்புக்கொள்கிறேன். ஜிபிஎல் படி, பைனரி கொடுத்தவர்களுக்குத்தான் சோர்ஸ் கொடுத்தாக வேண்டும், ஊருக்கெல்லாம் இல்லை. 2023 ஜூன் 21 அன்று ரெட் ஹாட், இனி பொதுவில் ரெல்லுக்கு முன்னோடியாக வரும் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமின் சோர்ஸ் மட்டும்தான், ரெல் சோர்ஸ் வாடிக்கையாளருக்குத்தான் என்று அறிவித்ததை உரிம மீறல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளர் அந்தச் சோர்ஸை வெளியே பகிர்ந்தால்? உரிமம் பகிரலாம் என்கிறது. சந்தா ஒப்பந்தமோ, பகிர்ந்தால் சந்தாவை நிறுத்திவிடலாம் என்கிறது. கல்யாண வீட்டில் "நல்லா சாப்பிடுங்க" என்று உபசரித்துவிட்டு, இரண்டாம் முறை சாம்பார் கேட்டால் இலையை எடுப்பது மாதிரி. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். அதை எதிர்த்து முனகக் கூடவா உரிமை இல்லை?

அதற்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. 2020 டிசம்பரில், அதற்குள் ரெட் ஹாட் வசம் வந்துவிட்டிருந்த சென்ட்ஓஎஸ்ஸின், 2029 வரை வரும் என்றிருந்த எட்டாம் பதிப்பை 2021 இறுதியோடு முடித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் உடனே புதிதாக ஆரம்பித்ததுதான் ராக்கி. கூடவே உழைத்து மறைந்துபோன ராக்கி மெக்காவின் பெயரை அதற்கு வைத்தார். செத்துப்போன நண்பனின் பெயரை வைத்த ஒன்றைத்தான் அந்தத் தம்பி மைக்கில்லாமலே கத்தி "காப்பி" என்றார்.

"ரெல்லை ரீபில்ட் பண்றவங்க எதையும் திருப்பித் தர்றதில்லையே." 2023 ஜூலையில் நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற கருவியில் ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கு, ராக்கி மாதிரியே இன்னொன்றான ஆல்மாலினக்ஸ் தரப்பிலிருந்து திருத்தம் கொடுத்தார்கள். ரெட் ஹாட் தரப்பிலிருந்து முதலில் வந்த பதில், இப்போதைக்கு இதைச் சரிசெய்யும் திட்டம் இல்லை என்பது. சத்தம் போட்ட பிறகுதான் உள்ளே எடுத்தார்கள். கொடுத்தால் வாங்குவதற்கும் மனசு வேண்டும்.

"அப்போ டெபியனுக்குப் போக வேண்டியதுதானே?" போகிறேன் சார். என் வீட்டு மெஷினில் ஓடுவது டெபியன்தான், ரெட் ஹாட்டைச் சாராத இலவச லினக்ஸ். ஆனால் ரெல் தெரியுமா என்று பசங்களை இன்டர்வியூவில் கேட்கப் போவது யார்? நீங்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அந்த ஒர்க்‌ஷாப்பில் ரெல்லையே காசு கட்டாமல் வாங்குவது எப்படி என்றும் நான்தான் சொன்னேன். டெவலப்பர் சந்தா, ஓர் ஆளுக்கு 16 மெஷின் வரை, கம்பெனியே கொடுப்பது. ஒரு அக்கவுன்ட் தொடங்கினால் போதும். அதைத் திரையில் போட்டுக் காட்டியபோது அந்தத் தம்பி டீ குடிக்கப் போயிருந்தார்.

ஓசி என்ற சொல்லே கம்பெனிக்காரன் கொடுத்தது என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாகப் போகும் தபாலில் ஓசிஎஸ் (ஆன் கம்பெனிஸ் சர்வீஸ்) என்று முத்திரை குத்திவிட்டால் காசு கிடையாதாம். அந்தக் கதைப்படி பார்த்தால் முதல் ஓசி யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்இசட் என்று, ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்ன புரோகிராம் லைப்ரரி, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கிறது, காசு வாங்குகிற லினக்ஸிலும். அதை வருடக்கணக்காக ஓய்வு நேரத்தில், சம்பளமில்லாமல், பெரும்பாலும் ஒரே ஒருவர் கவனித்துவந்தார். அவர் களைத்துப்போயிருந்த நேரம் பார்த்து உதவுவது போல ஒட்டிக்கொண்ட ஓர் ஆள் உள்ளே பின்வாசல் வைத்தது 2024இல் வெளியே வந்தது. தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஒருவர் நோண்டியதால்தான் அதுவும் தெரிந்தது. அந்த ஒற்றை ஆளின் உழைப்பை எடுத்து வைத்துக்கொண்ட கம்பெனிகளை யாரும் ஓசி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. பன்னிரண்டு பென்டிரைவ் கொண்டுபோன நான் ஓசி.

பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்திருக்கிறேன். பஸ் காசு கூடக் கேட்டதில்லை. பசங்க முன்னால் அந்த வார்த்தை வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

எச்ஓடி மேடம் மேல் எனக்குக் கோபமில்லை. திங்கட்கிழமை வந்து டப்பாவை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எண்ணிப் பார்த்தாராம், பதினொன்றுதான் இருக்கிறதாம், ஏழாம் நம்பர் இல்லையாம். நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்: "சார், இன்ஸ்டால் ஆயிடுச்சு. இதோட சோர்ஸ் எங்க கிடைக்கும்?" லிங்க் அனுப்பிவிட்டேன். மேடத்திடம் கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடப் போகிறேன்.