வலி போனது, லிகமென்ட் ஒட்டவில்லை

பதினோரு வருஷமாக எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கபடி சொல்லித் தருகிறேன். அக்குபஞ்சர் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. என் இடுப்பு வலிக்கு நானே போய்ப் படுத்திருக்கிறேன், நன்றாகவே கேட்டது. அந்த நம்பிக்கையில்தான் போன வருஷம் எங்கள் லெஃப்ட் கார்னர் பையனையும் அனுப்பினேன்.

ஒரு ராத்திரிப் போட்டி. ரைடரின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, முட்டிக்குள்ள ஏதோ டொக்குன்னுச்சு" என்றான். வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டி இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிட்டது. சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் இப்படி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நாரான லிகமென்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. சுளுக்கு என்று நினைத்தேன்.

ஆறு வாரத்தில் எட்டு சிட்டிங். நாடி பார்த்தார்கள், ஊசி வைத்தார்கள். முட்டியை மடக்கியோ இழுத்தோ யாரும் பார்க்கவில்லை. ஸ்கேன் எடு என்றும் சொல்லவில்லை. வீக்கம் வற்றியது, வலி போனது. சும்மா இருந்திருந்தாலும் அந்த ஆறு வாரத்தில் அநேகமாக வற்றியிருக்கும். அப்புறம் களத்தில் இறங்கினான். யாரும் தொடாமலே, திரும்பும்போது முட்டி நழுவி விழுந்தான்.

எலும்பு டாக்டர் அவனைப் படுக்க வைத்து, முட்டியை லேசாக மடக்கி, முட்டிக்குக் கீழே பிடித்து முன்னால் இழுத்தார். இடது கால் கொஞ்சம் அசைந்து டக்கென்று நின்றது. அடிபட்ட வலது கால் மேஜை டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அரை நிமிஷ வேலை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஏ.சி.எல். என்கிற, முட்டி முன்னால் நழுவாமல் பிடிக்கும் லிகமென்ட் முழுசாகக் கிழிந்திருந்தது, முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வும் கிழிந்திருந்தது. லிகமென்ட் இல்லாத முட்டியோடு விளையாட விளையாட அந்த ஜவ்வு நைந்துதான் போகும் என்றார். அந்த அரை நிமிஷத்தை ஆறு வாரம் முன்னாடியே செய்திருக்கலாமே என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. முடிவு 2007இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு முறைப்படியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பகுதியினருக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலாக ஊசி. மீதிப் பேருக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4. எனக்கு இதில் புரிவது: நாள்பட்ட வலி உண்மையாகவே குறைகிறது. ஆனால் எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அரை மணி நேரம் அசையாமல் படுப்பது, ஒருவர் அக்கறையாகத் தொட்டுக் கவனிப்பது, சரியாகும் என்ற நம்பிக்கை, இதற்கெல்லாம் உடம்பு வலியைத் தணித்துக்கொள்கிறது. என் இடுப்புக்கும் அதுதான் நடந்திருக்கும். நல்லதுதான். ஆனால் அறுந்த லிகமென்டை எந்த ஊசியும் ஒட்ட வைக்காது. வலி மட்டும் போனால், பையன் குணமாகிவிட்டதாக நினைத்துக் களத்துக்கு வந்துவிடுகிறான்.

இப்போது போட்டிக்கு முந்தின நாள் 'மூச்சு நீளும், வேகம் கூடும்' என்று ஊசி வைத்துக்கொண்டு வருகிற டீம்களைப் பார்க்கிறேன். ஊசியால் வேகமோ பலமோ கூடும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது தம்பிகளா. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிச் சாப்பிடுங்கள். இன்னொன்று, தோள்பட்டை மேல் சதைக்குக் கீழே நுரையீரல் நுனி இருக்கிறது. அங்கே ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். ஊசி வைத்த பிறகு மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சக பயிற்சியாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். முட்டியில் சத்தம் கேட்டு வீங்கினால் முதலில் எலும்பு டாக்டர். அவர் பார்த்து, என்ன காயம் என்று தெரிந்த பிறகு, வலிக்கு ஊசி வைத்துக்கொள்ளட்டும், நான் தடுக்க மாட்டேன்.

ஆபரேஷன் முடிந்து இது அவனுக்கு ஆறாவது மாதம். நேற்று டெய்லர் டேப் வைத்துத் தொடையை அளந்தோம். வலது தொடை இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. "பொங்கல் போட்டிக்கு இறங்கலாமாண்ணே?" என்று கேட்டான். பொங்கலுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்தப் பொங்கல் வேண்டாம், அதற்கடுத்த பொங்கலுக்கு என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து ஸ்குவாட் எடுக்க ஆரம்பித்தான்.