பக்கத்து வீட்டு மேப்பிள்

(கனடா, ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. மருமகன் ரேக்கும் கையுமாகப் புல்தரையில். யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து வந்திருக்கும் மாமா கம்பளித் தொப்பியோடு வாசற்படியில்.)

மாமா: இவ்வளவு இலை கிடக்கிறதே தம்பி, உங்கட மரம் எங்கே?

மருமகன்: எங்களுக்கு மரமே இல்லை மாமா. இது பக்கத்து வீட்டு நோர்வே மேப்பிள். மற்ற மரங்கள் கொட்டி ஓய்ந்த பிறகுதான் இது தொடங்கும்.

மாமா: எங்கட ஊரென்றால் இதற்குள் கோட்டில் வழக்கு நடந்திருக்கும்.

மருமகன்: இங்கே மரத்தை வெட்டச் சொல்லவும் ஏலாது. 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரமென்றால், சொந்தக் காணியில் நின்றாலும் மாநகரசபை அனுமதி வேண்டும்.

மாமா: சரி, மூலையில் குவித்துக் கொளுத்துவோம். நெருப்புப்பெட்டி எங்கே?

மருமகன்: ஐயோ மாமா! தீயணைப்பு வண்டி வந்துவிடும்.

மாமா: வரட்டுமே, கூட்டுவதற்கு நாலு பேர் கிடைக்கும்.

மருமகன்: கடதாசிப் பையில் கட்டித் தெருவோரம் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் பையென்றால் தொடமாட்டார்கள்.

மாமா: பை சும்மா தருவினமோ?

மருமகன்: கடையில் வாங்கவேண்டும்.

மாமா: ம்... கொண்டுபோய் என்ன செய்வினம்?

மருமகன்: உக்கவைத்து உரமாக்கிச் சனத்துக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். நானும் வரிசையில் நின்று கார் நிறைய அள்ளிவந்தேன்.

மாமா: எங்கே போட்டீர்கள்?

மருமகன்: இந்தப் புல்லுக்குத்தான்.

மாமா: (சற்று நேரம் பேசாமல் பார்க்கிறார்) தம்பி, புகையிலைத் தோட்டத்து மண்ணில் உரமாகத் தாழ்க்கப் பூவரசங்குழை தேடி நாங்கள் வண்டில் கட்டிப் போனோம். உங்களுக்கு அது தானாகப் பறந்து வருகிறது. நீங்கள் அதைப் பையில் கட்டி அனுப்பிப்போட்டு, வரிசையில் நின்று திருப்பி வாங்குகிறீர்கள்!

மருமகன்: அப்படியே விட்டால் மழைக்குப் பாய்போலப் படிந்து புல் செத்துவிடும் மாமா. புல்வெட்டும் மெஷினை மேலால் ஓட்டித் தூளாக்கினால் பிழையில்லை. புல்லுக்குள் இறங்கி உக்கிவிடும்.

மாமா: அப்ப ஏன் குனிந்து நிற்கிறீர்கள்? மெஷினை எடுங்கோ.

மருமகன்: அது... பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போனவர்.

மாமா: என்னத்துக்கு?

மருமகன்: இலை அரைக்க.

மாமா: அவரிடம் எங்கேயப்பா இலை மிச்சம் இருக்கு?