சிலபிளைக் கண்ணால் எண்ணாதீர்கள்!

ஹோம்வொர்க் (homework) என்ற ஆங்கிலச் சொல்லில் மூன்று சிலபிள் (அசை) என்று பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாளில் அச்சடித்தே கொடுக்கிறார்களே, இவர்களை என்ன செய்வது? 'ஓ', 'ஈ', மறுபடி 'ஓ' என மூன்று உயிரெழுத்து கண்ணில் படுகிறதாம், அதனால் மூன்றாம். நடுவில் நிற்கும் அந்த 'ஈ'க்கு ஒலியே கிடையாது! சிலபிள் என்பது காதில் விழும் உயிரொலியின் கணக்கு. ஹோம், வொர்க். இரண்டுதான்.

இதைவிடக் கொடுமை பாட்ஹோல் (pothole). 'டி'யும் 'ஹெச்'சும் சேர்ந்து வந்தால் பிரிக்கக் கூடாது என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு, 'போ-தோல்' என்று வெட்டுகிறார்கள். அடப் பாவிகளா! அந்த விதி இரண்டு எழுத்தும் ஒரே ஒலியாகும் இடத்துக்கு. இங்கே 'டி' முதல் சொல்லின் கடைசி எழுத்து, 'ஹெச்' அடுத்த சொல்லின் முதல் எழுத்து. இதே கணக்கில் போனால் லூப்ஹோல் (loophole) 'லூ-ஃபோல்' ஆகிவிடும். கூட்டுச்சொல் என்றால் முதல் வெட்டு இரண்டு சொல்லும் ஒட்டிய இடத்தில் விழ வேண்டும். பிறகுதான் ஒவ்வொரு பாதிக்கும் மற்ற விதிகள். கிராஸ்ஹாப்பரை முதலில் கிராஸ், ஹாப்பர் என்று பிரியுங்கள். அப்புறம் ஹாப்பரை இரண்டாக்குங்கள். மொத்தம் மூன்று. இந்த வரிசையைச் சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகும்?

ஒட்டிய இடமே தேய்ந்துபோன சொற்களும் உண்டு. கப்போர்டில் (cupboard) 'p' ஒலிப்பதில்லை, பின்பாதியும் சுருங்கி, 'கபர்ட்' என்றுதான் கேட்கும்.

அகராதியில் தலைச்சொல்லின் நடுவே உள்ள புள்ளிகளைச் சிலபிள் கணக்குக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். பல அகராதிகளில் அவை வரிக் கடைசியில் சொல்லை உடைத்து எழுதுவதற்கானவை. பார்க்க வேண்டியது உச்சரிப்புக் குறிப்பை. ஐ.பி.ஏ. என்ற சர்வதேச உச்சரிப்புக் குறியீட்டு முறையில், மேலே நிற்கும் சின்னக் கோட்டுக்கு அடுத்து வரும் சிலபிளில்தான் அழுத்தம், அதாவது ஓங்கிச் சொல்ல வேண்டிய இடம். கோட்டுக்கு முந்தியதில் அடையாளம் போட்டு மதிப்பெண்ணை இழப்பவர்கள் எத்தனையோ பேர்.

அழுத்தம் என்ன அலங்காரமா? கிரீன்ஹவுஸில் முதல் பாதியை அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். பின்பாதியை அழுத்தினால் வெறும் பச்சை நிற வீடு! பெயர்ச்சொல்லாக வரும் கூட்டுச்சொற்களில் பெரும்பாலும் முதல் பாதிக்குத்தான் அழுத்தம். 'பெயர்ச்சொல்', 'பெரும்பாலும்' இரண்டையும் விழுங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் முதல் பாதிதான் என்று சொல்லித்தருவதால், அண்டர்ஸ்டாண்டிலும் ஓவர்டேக்கிலும் பிள்ளைகள் முதல் பாதியை அழுத்துகிறார்கள். இவை வினைச்சொற்கள், அழுத்தம் கடைசிப் பாதியில். ஓவர்ஃப்ளோ பெயராக வந்தால் 'ஓ'வில் அழுத்தம், வினையாக வந்தால் 'ஃப்ளோ'வில். வாக்கியமே தராமல் சொல்லை மட்டும் கொடுத்து 'அழுத்தத்தைக் குறி' என்று கேட்டால், எதைக் குறிப்பது?